எட்டு லிட்டர்

வியாழக்கிழமை காலை பத்து பதினேழுக்குத் தேவனின் சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது. கையுறை செய்யும் தொழிற்சாலையில் அவன் அப்போது ஏணி மேல் நின்று ஒரு மோட்டாருக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தான். செய்தி அனுப்பியது மனிதர் யாரும் இல்லை. சிலிபினில் இருக்கும் அவன் வீட்டு மீன்தொட்டிதான் அனுப்பியிருந்தது. ‘நீர்மட்டம் அதிகம்’ என்றது.

தொட்டிக்குப் பேசத் தெரியுமா என்று கேட்காதீர்கள். தேவன் பேச வைத்திருந்தான். ஐந்தடித் தொட்டி, அதில் ஒரேயொரு கெலிசா மீன், முழங்கை நீளத்துக்குப் பொன் செதிலோடு. தொட்டிக்குக் கீழே கதவு வைத்த அலமாரி. அலமாரிக்குள் மூன்று அறையாகத் தடுத்த இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் முதல் அறையில் பஞ்சில் வடிந்து, நடு அறையில் பீங்கான் வளையங்களுக்குள் ஊறி, கடைசி அறைக்கு வந்து, பம்பு வழியாக மறுபடி மேலே ஏறும். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கடைசி அறையில்தான் தெரியும். அங்கே மூன்று சென்சார்கள். நடுவில் ஒரு மிதவை, அது தாழ்ந்தால் பக்கத்து டிரம்மிலிருந்து நல்ல தண்ணீர் தானாக வந்து நிரப்பும். உச்சியில் ஒரு மிதவை, அது தூக்கினால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள். அடியில் ஒரு கண்ணாடிக் கண், அது காய்ந்தால் பம்பு கருகப் போகிறது என்று பொருள். இவை சொல்வதையெல்லாம் ஒரு கண்ட்ரோலர் பெட்டி நாள், மணி, நிமிடத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும்.

மனிதர்கள் சொல்வதை அப்படி எழுதி வைக்க முடியாததுதான் தேவனுக்கு வாழ்க்கையில் பெரிய குறை. தன் நிழல் பின்னால் வந்தாலே திரும்பி நின்று என்ன விஷயம் என்று கேட்கிற ஆள் அவன். கடைக்காரன் சிரித்தால் நிறுவையைப் பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரர் பலகாரம் கொடுத்தனுப்பினால் எதற்காக இருக்கும் என்று மூன்று நாள் யோசிப்பான்.

ஏணியிலிருந்து இறங்காமலே மனைவி விமலாவைக் கூப்பிட்டான். மீன் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். அவள் குரலில் மேல்மூச்சு வாங்கியது. மாடிப்படி இல்லாத வீட்டில் இவளுக்கு எதற்கு மூச்சு வாங்குகிறது என்று அவன் மனத்தில் குறித்துக்கொண்டான்.

சாயங்காலம் வந்து அலமாரியைத் திறந்து டார்ச் அடித்தான். மிதவையில் நத்தை ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தான். நத்தை இல்லை. கடைசி அறையில் தண்ணீர் உண்மையாகவே நான்கு விரல் கூடியிருந்தது. டிரம் பம்பு ஓடியதாகப் பெட்டியில் பதிவு இல்லை. முதல் அறையில் பஞ்சைத் தூக்கிப் பார்த்தான், ஒன்றுமில்லை. நடு அறையைத் தொடவில்லை. அங்கேதான் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, கிளறினால் அவை செத்து, பின்னாலேயே மீனும் சாகும். உலகமே கவிழ்ந்தாலும் நடு அறையில் கை வைக்கக்கூடாது என்பது மூன்று வருடமாக அவன் வீட்டில் சட்டம், அவனுக்கும் சேர்த்து.

மறுநாள் வந்த சேதி மீனை மறக்கடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போன பூசாரி போன் பண்ணினார். ஆறாங்கட்டைத் தோட்டத்து அம்மனைக் காணோம்.

அம்மன் என்றால் செதுக்கிய சிலை இல்லை. ஒன்றரைச் சாண் உயரக் கருங்கல், அவ்வளவுதான். பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரம் இருந்த காலத்தில் பால் வெட்டப் போனவர்கள் மஞ்சள் பூசி நட்ட கல். ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வீடு கட்ட நிலத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனி இரண்டு மாதத்தில் கல்லை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. எங்கே எடுத்துப் போவது என்பதில்தான் சண்டை. சிலிபினுக்குக் குடிபோனவர்கள் ஒரு கட்சி, அதற்குத் தலை கோயில் செயலாளர் தேவன். பத்து காஜா தாமான் வீடுகளில் குடியிருப்பவர்கள் இன்னொரு கட்சி, அதற்குத் தலை பத்துமலை. பத்துமலை வேறு யாரும் இல்லை, விமலாவின் சொந்த அண்ணன். தேவனும் அவனும் ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். நிலத்தை விற்கும் பேச்சு வந்த ஒன்றரை வருடமாக இருவரும் பேசிக்கொள்வது கூட்டத்தில் மட்டும்தான், அதுவும் மைக்கில்.

சேதி கேட்டதும் தேவனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆயிற்று. அதற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமை விடியலில் யாருக்கும் தெரியாமல் கல்லைக் கிளப்பிச் சிலிபினுக்குக் கொண்டுவர அவனே ஒரு லோரிக்குச் சொல்லி வைத்திருந்தான். கையில் கிடைத்துவிட்டால் அப்புறம் யார் என்ன பேச முடியும் என்று கணக்குப் போட்டிருந்தான். இப்போது எவனோ முந்திக்கொண்டான். எவனோ என்ன எவனோ, பத்துமலைதான். வியாழக்கிழமை காலை பத்துமலை வேன் தோட்டத்து மண்சாலையில் நின்றதைக் காய்கறி விற்கிறவர் ஒருவர் பார்த்துப் படமே எடுத்திருந்தார். போதாதா?

அந்த வேன் பெயருக்குத்தான் பத்துமலை வேன். அதில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓட்டுவது அவன் மனைவி வீரம்மா. இது ஊருக்கே தெரியும், தேவனுக்கும் தெரியும். ஆனால் ஆத்திரத்தில் இருக்கிறவனுக்கு வண்டியின் நம்பர் மட்டுமே தெரியும், ஓட்டுகிறவர் முகம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் படத்தைக் காட்டினான். பத்துமலை நிதானமான ஆள், அன்றைக்கு அவனும் எழுந்து நின்றுவிட்டான். தான் எடுக்கவில்லை என்றான். வாயால் சொன்னால் போதாது, அம்மன் இருந்த மேடையில் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றான் தேவன். கற்பூரம் அணைத்துப் பொய் சொன்னால் ஒரு மண்டலத்துக்குள் அந்தக் குடும்பத்தில் ஓர் உயிர் போகும் என்பது தோட்டத்து நம்பிக்கை. கடன்காரனை, கங்காணியை, போலீசைக்கூட ஏய்த்தவர்கள் உண்டு. கற்பூரத்தை ஏய்த்தவர் இல்லை.

“நான் அணைக்கிறேன், மச்சான்,” என்றான் பத்துமலை. “ஆனா குத்தம் சொன்னவன் நீ. நீ மொதல்ல அணை. கல்லு ஒன் வூட்டுல இல்லன்னு சொல்லி அணை.”

தேவன் சிரித்தேவிட்டான். அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு இருவரும் அணைப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் விமலா அதைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தியம் மட்டும் வேண்டாம் என்றாள். அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று தேவன் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்து, மீனுக்குத் தீனி போட்டுவிட்டுப் பெட்டியின் பதிவுகளைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகும், ஒன்றரை லிட்டரை டிரம் பம்பு நிரப்பும். மழையோ வெயிலோ, மூன்று வருடமாக மாறாத கணக்கு. வியாழன் காலை பத்து பதினேழிலிருந்து அந்தப் பம்பு ஒரு தடவைகூட ஓடவில்லை. சரியாக ஐந்து நாளும் எட்டு மணி நேரமும் கழித்து, அன்று மாலை ஆறு பதினேழுக்குத்தான் முதல் முறை தண்ணீர் கேட்டிருந்தது. தேவன் பழைய மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தான். எட்டு லிட்டர். வியாழன் காலை பத்து பதினேழுக்கு யாரோ அவன் தொட்டியில் எட்டு லிட்டர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

யார்? எதற்கு? என்ன தண்ணீர்?

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினில் மீன் மயங்கியிருக்கும். மீனோ முன்னைவிடத் துள்ளிக்கொண்டு திரிகிறது. அப்படியென்றால் அது சாதாரணத் தண்ணீர் இல்லை. கல் காணாமல் போன அதே நேரத்தில் தன் வீட்டுக்குள் எட்டு லிட்டர் தண்ணீர் வந்திருக்கிறது. மந்திரித்த தண்ணீர். செய்வினை! சென்சார் மாட்டிக் கணக்குப் பார்க்கிற மனுஷன், இருபது வருடமாகத் தாயத்தைக் கண்டால் கேலி பண்ணியவன், ஐந்து நிமிடத்தில் செய்வினைக்கு வந்து சேர்ந்துவிட்டான். சந்தேகம் வந்துவிட்டால் புத்தி பூட்டு உடைந்த வீடு மாதிரி, யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

அதற்குப் பிறகு அவன் கண்ணில் விமலா பட்ட பாடு! வியாழக்கிழமையிலிருந்து அவள் வீட்டில் கறி, மீன் சமைக்கவில்லை. கேட்டதற்கு விரதம் என்றாள். என்ன விரதம் என்றதற்குச் சண்டை தீர என்றாள். தொட்டி அலமாரியின் கைப்பிடியில் ஒரு செம்பருத்திப் பூ செருகியிருந்தது. வீட்டுக்குள் போட்டு நடக்கும் சிலிப்பரை அலமாரி பக்கம் வரும்போது கழற்றிவிட்டாள். ஒரு தடவை, அவன் பார்க்கவில்லை என்று நினைத்து, அலமாரிக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணன்காரன் கொடுத்துவிட்ட தண்ணீரை ஊற்றிவிட்டு அதற்குப் பூசையும் பண்ணுகிறாள் என்று தேவனுக்கு நிச்சயமாகிவிட்டது. தன் வீட்டிலேயே தனக்கு எதிரி.

புதன்கிழமை மாலை நேராகவே கேட்டுவிட்டான்.

“வியாழக்கெழம காலையில தொட்டியில யாரு தண்ணி ஊத்துனா?”

“யாரும் ஊத்தல.”

“நீ ஊத்தல?”

“ஒரு சொட்டுகூட ஊத்தலங்க. சத்தியமா.”

கண் இமைக்காமல் சொன்னாள். அதுதான் அவனை இன்னும் கலக்கியது. பொய் சொன்னால் விமலாவுக்குக் காது சிவக்கும், இருபத்திரண்டு வருடமாக அவன் பார்க்கிறான். காது சிவக்கவில்லை. பெட்டியும் பொய் சொல்லாது, இவளும் பொய் சொல்லவில்லை என்றால் எட்டு லிட்டர் எங்கிருந்து முளைத்தது?

அன்று இரவு படுக்கப் போகும்போது அவள் மறுபடி ஒன்று சொன்னாள். அம்மன் யாரிடம் இருந்தாலும் பத்திரமாகத்தான் இருக்கும், நீங்கள் போய்ச் சத்தியம் பண்ணிப் பழியைக் கட்டிக்கொள்ளாதீர்கள் என்றாள். எனக்கு என்ன பயம், மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்றான் தேவன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலைக்குப் போகும்முன் அலமாரிக் கதவிடுக்கில் ஒரு தலைமுடியை ஒட்டிவைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால் முடி அப்படியே இருந்தது. சந்தேகப்பட ஒன்றும் இல்லாததே அவனுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

ஞாயிறு காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக் கிளம்பினான். விமலா தலைவலி என்று வரவில்லை. வாசல்வரை வந்து, காரில் ஏறும்வரை நின்று, எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். பத்தரை என்றான்.

தோட்டத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். சுற்றிலும் மரமெல்லாம் பிடுங்கிய செம்மண். ஞாயிறு என்பதால் மண்வாரி இயந்திரங்கள் மூன்று சும்மா நின்றன. அரசமரத்தடியில் சிமெண்டு மேடை, அதன் நடுவில் கல் இருந்த இடத்தில் ஒரு குழி. பத்துமலை மேடைக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றான். வீரம்மா வரவில்லையா என்று யாரோ கேட்டதற்கு, அவளுக்கு வேனில் ஏதோ வேலை என்றான்.

பூசாரி தாம்பாளத்தில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். தீ நீளமாக எழுந்தது. சொல்ல வேண்டியதை அவர் எடுத்துக் கொடுத்தார்: கல் என் வீட்டில் இல்லை. தேவன் வலது கையை விரித்து நீட்டினான். உள்ளங்கையில் சூடு தட்டியது.

சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது.

வேறு யாராக இருந்தாலும் விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். தேவனால் முடியுமா? இடது கையால் எடுத்துப் பார்த்தான். மணி பத்து முப்பத்தொன்று. ‘நீர்மட்டம் குறைவு. அடிக்கண் காய்ந்தது. பம்பு நிறுத்தப்பட்டது.’

கை தீக்கு மேலேயே நின்றது. தொட்டி உடைந்துவிட்டதா? உடைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது டிரம் பம்பு நிரப்பக்கூடச் சமயம் இல்லாமல் ஒரே நொடியில் குறைந்திருக்கிறது. ஒரே நொடியில் கூடியது, ஒரே நொடியில் குறைந்துவிட்டது. ஊற்றிய தண்ணீரை யாரால் அப்படி எடுக்க முடியும்? தண்ணீரை எடுக்க வேண்டியதில்லை. கல்லைப் போட்டால் தண்ணீர் ஏறும், கல்லை எடுத்தால் இறங்கும். காக்காய்க்குத் தெரிந்த கணக்கு அது. மூன்று சென்சாரும் ஒரு பெட்டியும் வைத்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

எல்லாம் சேர்ந்து வந்து முகத்தில் அறைந்தது. வியாழன் காலை மண்சாலையில் நின்ற வேன், அதை ஓட்டியது யார்? மூச்சு வாங்கியது எதற்கு? இருபது கிலோக் கல்லை இரண்டு பெண்கள் தூக்கி வந்து இறக்கியதற்கு. அவன் சனிக்கிழமைக்கு லோரி பேசி வைத்ததை விமலா கேட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் இழுத்தால் அம்மன் இரண்டு துண்டாவாள் என்று அண்ணியும் நாத்தனாரும் முந்திக்கொண்டிருக்கிறார்கள். இடம் பெயர்த்த சாமியை அடுத்த இடம் முடிவாகும்வரை தண்ணீரில் வைக்க வேண்டும், அதுதான் முறை. அதற்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், யாரும் தேடாத வீடு வேண்டும், கல்லின் மேல் வளையங்களைப் போட்டு மூடினால் அந்த வீட்டுக்காரன் செத்தாலும் கை வைக்காத ஒரு நடு அறை வேண்டும். ஒரு சொட்டு ஊற்றவில்லை என்று அவள் செய்த சத்தியம் முழு உண்மை.

இப்போது எதற்காக எடுத்தாள் என்பதும் புரிந்தது. அவன் சொல்லப்போகிற சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று எடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள், கேட்கவில்லை. அதனால் அவன் கை நெருப்பைத் தொடும் நேரம் பார்த்து, கல்லை அவன் வாசலுக்கு வெளியே கொண்டுபோகிறாள். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும். கல் அவன் வீட்டில் இருக்காது. தைரியமாக அணைக்கலாம். நாற்பது பேர் முன்னால் அவன் உத்தமன். வேன் படத்தில் மாட்டிய பத்துமலை கடைசிவரை சந்தேகத்துக்குரிய ஆள்.

“என்னாப்பா, அணைக்கப் போறியா இல்லியா?” என்றது ஒரு கிழக்குரல்.

தேவன் கையை இழுத்துக்கொண்டான்.

“கல்லு எங்க வூட்டுலதான் இருந்துச்சு,” என்றான். “மச்சான் எடுக்கல. அவன் மேல நான் சொன்னது தப்பு.”

கூட்டத்தில் ஓர் இரைச்சல் எழுந்தது. சிலிபின் ஆள்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். ஒருவர் தூ என்று துப்பினார். யார் எடுத்தது என்று பூசாரி கேட்டார். தேவன் தலையைக் குனிந்துகொண்டு, எடுக்க லோரிக்குச் சொன்னவன் நான்தான் என்றான். அதுவும் உண்மைதானே. மனைவி பெயரை அந்தக் கூட்டத்தில் அவன் சொல்வதாக இல்லை.

பத்துமலை மேடையைச் சுற்றி வந்து அவன் எதிரில் நின்றான். அடிக்கப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள், தேவனும்தான்.

“எப்ப எடுத்த?”

“போன வாரம் வியாழக்கெழம. காலையில பத்து பதினேழு.”

வியாழன் காலை தேவன் எங்கே இருப்பான் என்று பத்துமலைக்குத் தெரியும். அந்த நேரத்தில் தன் வேன் யார் கையில் இருக்கும் என்றும் தெரியும். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

“நானும் சனிக்கெழமைக்கு லோரி சொல்லியிருந்தேன்லா,” என்றான். “இவன் முந்திக்கிட்டான். இல்லாட்டி நான் திருடியிருப்பேன்.”

தாம்பாளத்தில் கற்பூரம் யார் கையும் படாமல் எரிந்து முடிந்தது. அரை மணி நேரம் அவரவர் கட்சி மறந்து மரத்தடியில் நின்றார்கள்.

அப்புறம் மண்சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வேன் வந்தது. ஓட்டியது வீரம்மா. பின்னால் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்கிற சீட்டில் விமலா, அவள் கால்களுக்கு நடுவில் ஒரு பெரிய பேசின், பேசினில் தொட்டித் தண்ணீர், தண்ணீரில் அம்மன். பத்து நாள் ஊறியதில் கல் கழுவிவிட்டாற்போல் கருத்து மின்னியது. அடியில் ஒரு பீங்கான் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பூசாரி ஓடினார், கூட்டம் பின்னால் ஓடியது. விமலா இறங்கி நேராகத் தேவனிடம் வந்தாள். சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. கூட்டம் என்ன சொல்கிறது, அண்ணன் என்ன ஆனான் என்று எதையும் கேட்கவில்லை. அவன் வலது கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். கரி இல்லை. நம்பாமல் இடது கையையும் விரித்துப் பார்த்தாள்.